விருந்துக் கால்

சியோல், சாஜிக் மேடு
1982 மார்ச் 9

குவாக் மல்சூன் அம்மையாருக்கு,

மேலூர் பே இன்சோப் எழுதுவது. பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரிவரை வந்திருந்தால் அதற்கே நன்றி.

உங்கள் அண்ணன் சாங்டோல் இறந்து மூன்று வருடம் ஆகிறது என்பதைப் போன மாதம்தான் கேள்விப்பட்டேன். குன்சான் துறைமுகத்தில் உங்கள் கடையில் மீன் சூப் குடித்துவிட்டு வந்த ஒரு கீழூர்க்காரர் சொன்னார். வயதானவர்கள் விஷயத்தில் செய்தி எப்போதும் தாமதமாகத்தான் வருகிறது. எனக்கு எழுபது ஆகிறது. அச்சகத்தில் முப்பத்தொன்பது வருடம் அடுத்தவர்களின் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்திவிட்டு ஓய்ந்திருக்கிறேன். மனைவி போய் ஆறு வருடம். மாடிப்படி ஏறுவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தேக்கியோனுக்கு, அந்தக் கால் ஆட்டத்துக்கு, வரலாறு எழுதுகிறார்கள். நான்கு பேராசிரியர்கள் கொண்ட ஒரு குழு, பழைய கலைகளைப் பற்றிப் பெரிய புத்தகம் போடுகிறது. நகரக் கோட்டையின் மேற்கு வாசல் பக்கத்து மேலூரும் கிழக்கு வாசல் பக்கத்துக் கீழூரும் மோதிய அந்தக் காலத்து ஆட்ட வட்டத்தில் நின்றவர்களில் ஒருவரின் பெயரைப் படத்தோடு போட்டு, இவர்தான் இந்தக் கலையின் வாழும் சாட்சி என்று அறிவிக்கப்போகிறார்கள். அந்த ஆள் நான்தான் என்கிறார்கள். சாகாமல் இருந்தது தவிர நான் வேறு எதுவும் சாதிக்கவில்லை. ஆனாலும் உங்களிடம் மறைப்பானேன், எனக்கு ஆசையாக இருக்கிறது. எத்தனையோ ஆயிரம் பெயர்களை எழுத்துப் பிசகாமல் அச்சேற்றியவன் நான். என் பெயர் ஒரு தடவைகூட அச்சில் வந்ததில்லை.

இரண்டாவது சாட்சி ஒருவர் முத்திரை வைத்த தாள் வேண்டும் என்கிறார்கள். அன்றைய ஆட்டத்தைப் பார்த்தவர்களில் எனக்குத் தெரிந்து மிஞ்சியிருப்பது நீங்கள் மட்டும்தான். வாசகத்தை நானே எழுதி அனுப்பியிருக்கிறேன்:

"ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அரசர்களின் கல்லறைச் சுவர்களில் தீட்டப்பட்ட வீரக் கலையான தேக்கியோனின் கடைசிப் பேராட்டம், 1934 டானோ திருநாளன்று கிழக்கு வாசலுக்கு வெளியே ஓடை மணலில் நடந்தது. ஜப்பானியப் போலீசார் கூட்டத்தைக் கலைத்து, கீழூர் வீரர் குவாக் சாங்டோலின் இடது முழங்காலை நொறுக்கினர். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி நின்றது."

சாங்டோலுக்கும் இதில் மரியாதை இருக்கிறது. உங்கள் பெயர் முத்திரையைக் கீழே வைத்து அனுப்பினால் போதும். இந்த வருட டானோ அன்று, ஜூன் 25, குழு என்னை நேரில் விசாரிக்கிறது.

பே இன்சோப்


குன்சான்
மார்ச் 20

பே ஐயாவுக்கு,

தாள் வந்தது. முத்திரை வைக்கவில்லை. இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். மடிப்பு கலையாமல் இருக்கிறது, வேறு யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

கடையில் காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டினால் இரவுதான் உட்காருகிறேன். உங்களோடு வாதாடத் தெம்பில்லை. ஆனாலும் கல்லறைச் சுவர் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். என் அண்ணன் கைவண்டி இழுத்தவன். அவனோடு ஆடியவர்கள் இறைச்சி வெட்டுகிறவர்கள், தண்ணீர் சுமக்கிறவர்கள், முட்டைக்கோஸ் தோட்டத்து ஆட்கள். உங்கள் மேலூரில் மட்டும் என்ன, வில் செய்கிறவர் மகன் நீங்கள் ஒருவர், மற்றவர்கள் அரண்மனைக் குதிரைக்குப் புல் அறுத்தவர்கள். ஜெயித்த ஊருக்கு அரிசிக் கள், தோற்ற ஊருக்கு வசவு. இதில் அரசர் எங்கே வந்து நின்றார்?

முதலில் சின்னப் பையன்கள் ஆடுவார்கள், பிறகு வாலிபர்கள், கடைசியில் பெரிய ஆட்கள். ஜெயித்தவன் வட்டத்திலேயே நிற்பான், அவனை விழ வைக்கிறவன் வரும்வரை. குடித்தவனைப்போல முன்னும் பின்னும் ஆடி மிதித்துக்கொண்டு "இக்கு, ஏக்கு" என்று மூச்சு விடுவார்கள். எங்கள் அம்மாவுக்கு அதைக் கேட்டாலே விக்கல் ஞாபகம் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஆட்டத்தின் முதல் சட்டத்தையே விட்டுவிட்டீர்கள். ஒரு காலை எதிராளிக்கு எட்டும்படி முன்னால் வைத்துத்தான் ஆட வேண்டும். விருந்துக் கால் என்போமே. வந்தவனுக்குச் சோறு வைப்பதுபோல, அடிக்க ஒரு கால் வைக்க வேண்டும். அவன் அதை வாரலாம், தட்டலாம், காயம் மட்டும் பண்ணக் கூடாது. எட்டாத தூரத்தில் நின்று ஆடுகிறவனைப் பார்த்துக் குழந்தைகள்கூட ஊளையிடும். உங்கள் வரலாற்றில் விருந்துக் கால் எங்கே, ஐயா?

அண்ணன் கடைசிவரை என் கடையில்தான் இருந்தான். வாசலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, காலை வாசல்பக்கம் நீட்டிக்கொண்டு வெங்காயம் உரிப்பான். வருகிறவர்கள் தடுக்கி விழுந்து திட்டுவார்கள். நானும் திட்டுவேன். நொண்டிக் கால்காரன் வேறெப்படி உட்காருவான் என்று பிறகு விட்டுவிடுவேன்.

முழங்காலைப் பற்றி எழுதியிருப்பது தப்பு. என்ன தப்பு என்று உங்களுக்குத் தெரியும்.

குவாக் மல்சூன்


சியோல்
ஏப்ரல் 4

மல்சூன் அம்மையாருக்கு,

நீங்கள் சொன்னது சரி. கைவண்டிக்காரர்களையும் இறைச்சிக்காரர்களையும் சேர்த்துவிட்டேன். விருந்துக் காலுக்கு ஒரு முழுப் பத்தி. கல்லறைச் சுவரை எடுக்க முடியவில்லை. குழுத் தலைவருக்கு அதுதான் உயிர். "ஐயா, சுவர் இல்லாட்டி இது வெறும் தெருச் சண்டைன்னு சொல்லிடுவாங்க" என்றார். "தெருவுலதான் ஆடினோம்" என்றேன். காதில் வாங்காத மாதிரி காபி வரவழைத்தார்.

அவர்களோடு மல்லுக்கட்டியே அலுத்துவிட்டது. வெளியே வந்தால் ஊரே புதிதாக வந்த பேஸ்பால் பற்றிப் பேசுகிறது. இந்தப் புத்தகத்தை யார் படிக்கப்போகிறார்கள் என்று தெரியவில்லை. ஆனால் நூலகத்தில் இருக்கும். நான் போன பிறகும் அங்கே இருக்கும்.

முழங்கால் விஷயம். போலீஸ்காரர்கள் அவனைப் பதினோரு நாள் உள்ளே வைத்திருந்தது உண்மை. வைத்தியம் பார்க்க விடாமல் முழங்கால் மடிந்தபடியே இறுகிப்போனதும் உண்மை. சாங்டோலே எல்லோரிடமும் போலீஸ் என்றுதான் சொன்னான். அவனே சொன்னதை நான் எப்படி மாற்றி எழுதுவது?

மனத்தாங்கல் என்று பார்த்தால் எனக்கும் ஒன்று உண்டு. இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கோடையில், ஆட்டம் நடந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு கூடை மஞ்சள் முலாம்பழத்தோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் அப்போது ஓடைக்குத் துணி துவைக்கப் போயிருந்தீர்கள். சாங்டோல் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். கட்டுப்போட்ட இடது காலை மடித்தபடி வைத்துக்கொண்டு, வலது காலை, நல்ல காலை, நேரே என் பக்கம் நீட்டினான். முடியாமல் நீட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். நல்ல காலை வேண்டுமென்றே நீட்டினான். வீட்டுக்கு வந்தவன் முகத்துக்கு நேரே பாதத்தை நீட்டினால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். கூடையை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அதன்பிறகு நான் வரவேயில்லை.

இலையுதிர் காலத்தில், நம் இருவருக்கும் பேசியிருந்த சம்பந்தம் வேண்டாம் என்று நாங்கள் அனுப்பியிருந்த பட்டுத்துணி உங்கள் வீட்டிலிருந்து திரும்பி வந்தது. நான் மேலூர்க்காரன் என்பதால் உங்கள் அப்பா மறுத்துவிட்டார் என்றுதான் இன்றுவரை நினைத்திருக்கிறேன். இந்த வயதில் கேட்பதில் வெட்கமில்லை. அதுதானே காரணம்?

இன்சோப்


குன்சான்
ஏப்ரல் 18

பே ஐயாவுக்கு,

என் அப்பாவுக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும். பட்டுத்துணியைத் திருப்பி அனுப்பியது நான்.

காரணத்தை எழுதுகிறேன். மூன்று நாளாக எழுதுவதும் சூப்புக் கொதி பார்க்கப் போவதுமாக இருக்கிறேன். தாளில் மிளகாய்க் கறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு டானோ. பெண்கள் எல்லோரும் ஓடைக்கரை எல்ம் மரத்து ஊஞ்சலில் இருந்தோம். உங்கள் வட்டத்துக்குள் எட்டிப் பார்க்கப் பெண்களுக்கு இடம் கிடையாது, தலைகளாகத்தான் தெரியும். ஆனால் ஊஞ்சலில் நின்று மிதித்து மேலே போனால் எல்லாத் தலைகளுக்கும் மேலே ஒரு கணம் தெரியும். கீழே வந்தால் மறைந்துவிடும். மறுபடி மேலே போனால் தெரியும். என் அண்ணன் அன்று உங்கள் ஊர்க்காரர்கள் ஆறு பேரை விழ வைத்தான். ஆறையும் நான் துண்டு துண்டாகப் பார்த்தேன். ஏழாவதாக நீங்கள் வந்தீர்கள். எனக்குப் பதினெட்டு வயது. யார் ஜெயிக்க வேண்டும் என்று தெரியாமல் மிதித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், நீங்கள் ஒரு தடவையாவது ஜெயித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

ஓடைப் பாலத்திலிருந்து போலீஸ் விசில் வந்தது. கூட்டம் மொத்தமும் பாலத்தின் பக்கம் திரும்பியது. அண்ணனும் திரும்பினான். இடது காலை, விருந்துக் காலை, அப்படியே வைத்துவிட்டுத் தலையை மட்டும் திருப்பினான். நான் அப்போது மேலே இருந்தேன். விசில் என் முதுகுப் பக்கம். அத்தனை பேரில் வட்டத்தைப் பார்த்தபடி இருந்தவள் நான் ஒருத்திதான்.

நீங்கள் காலைத் தூக்கியதைப் பார்த்தேன். வாரவில்லை, தட்டவில்லை. குதிகாலால் நேராக, முழங்காலில் உதைத்தீர்கள். வட்டத்துக்குள் யாரும் உதைக்கக் கூடாத உதை. அடுத்த முறை நான் மேலே வந்தபோது எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் மணலில் கிடந்தான். ஓட முடியாததால்தான் போலீசிடம் அகப்பட்டான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவனிடம் கேட்டேன். "நீ ஊஞ்சல்ல இருந்த. தல சுத்தியிருக்கும். போலீஸ்தான், போ" என்றான். அப்பா செத்து, இங்கே குடிவந்து, நான் ஒரு படகுக்காரரைக் கட்டி, அவரும் செத்து, இத்தனைக்கும் நடுவே பல தடவை கேட்டேன். ஒரே பதில்.

இப்போது புரிகிறதா, ஏன் முத்திரை வைக்கவில்லை என்று? போலீஸ் செய்த பாவம் ஏராளம். செய்யாததையும் அவர்கள் தலையில் கட்ட வேண்டியதில்லை.

மல்சூன்


சியோல்
மே 2

அம்மையாருக்கு,

எல்ம் மரத்து ஊஞ்சலுக்கும் வட்டத்துக்கும் இடையே எழுபதடி தூரம். அசைகிற ஊஞ்சலிலிருந்து, அந்தத் தூரத்தில், அந்தத் தூசியில், எந்தக் கால் எங்கே பட்டது என்று யாரும் பார்த்திருக்க முடியாது. நான் கணுக்காலைத்தான் வாரினேன். அவன் திரும்பியதால் கால் பிசகிப் பட்டிருக்கலாம். நாற்பத்தெட்டு வருடத்தில் கண் பார்த்ததும் மனசு நினைத்ததும் ஒன்றாகக் கலந்துவிடும். உங்களைக் குறை சொல்லவில்லை.

முத்திரை வேண்டாம். வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன். இனித் தொந்தரவு செய்யமாட்டேன்.

பே இன்சோப்


குன்சான்
மே 9

ஐயா,

எழுபதடி என்று அளந்து வைத்திருக்கிறீர்கள். ஊஞ்சலில் ஆடிய எனக்கே அது தெரியாது.

ம.


சியோல்
ஜூன் 3

மல்சூன் அம்மையாருக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு இருபது நாள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். நாலு வரிகூட இல்லை. பிழை திருத்துகிறவனின் பிழையைப் பிடித்துவிட்டீர்கள்.

ஆமாம், அளந்தேன். மறுநாள் காலையில் போய்க் காலடி வைத்து அளந்தேன். ஊஞ்சலில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்று பார்க்கத்தான். தெரிந்திருக்காது என்று முடிவு கட்டிக்கொண்டேன். ஊஞ்சல் மேலே போகும் என்பது எனக்குத் தோன்றவில்லை. பாருங்கள், தரையிலேயே அளந்திருக்கிறேன்.

இப்போது சொல்கிறேன். இதற்குமுன் யாரிடமும், என் மனைவியிடம்கூட, சொன்னதில்லை.

முந்தின இரண்டு டானோவிலும் சாங்டோல் என்னை வாரி விழ வைத்தான். விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, "மேலூர்க்காரரே, மணல் சூடா இருக்கா?" என்பான். கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியாது. அவனைப்போல நல்லவன் எனக்கு வேறு யாரும் இல்லை. அதனால்தான் அவனிடம் தோற்றது அவ்வளவு எரிந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த வருடம் நான் தயாராக இருந்தேன். அன்று நான் ஜெயித்திருக்கவும் கூடும். அப்போதுதான் விசில் கேட்டது. எனக்கு முதலில் வந்த எண்ணம் போலீசைப் பற்றியதல்ல. ஆட்டம் முடிவில்லாமல் போய்விடும், அடுத்த வருடம் விடமாட்டார்கள், இனி எப்போதும் நான் அவனை விழ வைக்கப்போவதில்லை என்பதுதான். அவன் தலையைத் திருப்பியிருந்தான். கால் எனக்கு எட்டும்படி அங்கே இருந்தது. ஓடப்போகிறவன் முதலில் காலை எடுப்பான். அவன் எடுக்கவில்லை. ஆட்டம் முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை, அதனால் வைத்திருந்தான். நான் உதைத்தேன். சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை விவரிக்கமாட்டேன்.

அவன் என்னைப் பார்த்து, "ஓடுடா" என்றான். ஓடினேன்.

பிறகு ஊரெல்லாம் போலீஸ் என்று பேசியபோது நானும் போலீஸ் என்றேன். சொல்லச் சொல்ல அது எளிதாகிவிட்டது. விடுதலைக்குப் பிறகு அப்படிச் சொல்வது பெருமையாகவும் ஆகிவிட்டது. ஒரு கட்டத்தில் போலீஸ்காரனின் பூட்ஸைக்கூட நான் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இருந்தது.

களைத்துவிட்டேன் அம்மா. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் போய்விட்டான். உங்களிடம் கேட்கிறேன்.

இன்சோப்


குன்சான்
ஜூன் 12

பே ஐயாவுக்கு,

படித்தேன். கடையை மதியமே சாத்திவிட்டேன். நாற்பத்தெட்டு வருடமாக இதைக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். கேட்டதும் என்னவோ பெரிதாக இறங்கும் என்று நினைத்தேன். முதுகுவலிதான் இருக்கிறது. ஆனால் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் தலை சுற்றவில்லை என்று தெரிந்ததே எனக்குப் போதும். மன்னிப்பை என்னிடம் கேட்டு என்ன செய்ய? உதைபட்டவள் நான் இல்லை.

என் ஆசை ஒன்றுதான். வரலாறு என்று அச்சடிக்கிறார்கள் என்றால், அதில் என் அண்ணன் விசில் கேட்டும் காலை எடுக்கவில்லை என்று இருக்கட்டும். போலீஸ் உடைத்த கால் ஊரில் ஆயிரம் உண்டு. விருந்துக் காலை எடுக்காமல் நின்றவன் ஒருத்தன்தான். நீங்கள் எழுதிய போலீஸ் கதையில் அவனுக்கு மரியாதை என்றீர்கள். அவனுடைய மரியாதை அது இல்லை.

இதைச் சொன்னால் உங்கள் படமும் பெயரும் போய்விடும், தெரியும். கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்த எனக்கும் தெம்பு இல்லை.

மல்சூன்


சியோல்
ஜூலை 22

மல்சூன் அம்மையாருக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். முழுவதும் முடிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

டானோ அன்று குழுவின் முன் போனேன். நான்கு பேராசிரியர்கள், ஒரு புகைப்படக்காரர். வாடகைக்கு எடுத்த வெள்ளை உடுப்பைப் போட்டுவிட்டார்கள். நாம் எந்தக் காலத்தில் வெள்ளை வெளேரென்று ஆடினோம்? ஒரு காலை முன்னால் வைத்துக் காட்டச் சொன்னார்கள். வைத்தேன். படம் பிடித்தார்கள். காலை எடுக்காமலேயே, "இன்னொண்ணு சொல்லணும்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஊஞ்சல் முதல் "ஓடுடா" வரை. புகைப்படக்காரர் கருவியை இறக்கிவிட்டார். தலைவர் நல்ல மனிதர்தான். "ஐயா, இவ்வளவு வருஷம் கழிச்சு இதெல்லாம் தேவையா? போலீஸ்னே இருக்கட்டும். உங்க பேரும் இருக்கட்டும். யாருக்கு நஷ்டம்?" என்றார்.

"குவாக் சாங்டோலுக்கு" என்றேன்.

"அவருதான் இல்லையே."

"அதனாலதான் நான் பேசுறேன்."

அவர் பெருமூச்சு விட்டார். விதியை மீறி ஆள் காலை உடைத்தவனை வாழும் சாட்சி என்று போட முடியாது என்றார். போட வேண்டாம் என்றேன். பேருந்தில் ஏறினேன். வழியெல்லாம் டானோவுக்கு முடி அலசிய பெண்களின் வாசனை, வசம்புச் செடி கொதித்த தண்ணீரின் வாசனை. வீட்டுக்கு வந்து பார்லித் தேநீர் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டேன். கனவு எதுவும் வரவில்லை.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. போன வாரம் அச்சகத்திலிருந்த பழைய சிநேகிதன் மெய்ப்புத் தாளை ரகசியமாகக் கொண்டுவந்து காட்டினான். என் பெயரை எடுத்துவிட்டார்கள், படத்தையும். ஆனால் போலீஸ் வரி அப்படியே இருக்கிறது. "போலீசார் முழங்காலை நொறுக்கினர்." நான் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் உண்மையை எழுதிக் கொடுத்தேன். நேற்று இரண்டாம் மெய்ப்பு வந்தது. என் திருத்தத்தை ஒதுக்கிவிட்டுப் பழைய வரியையே போட்டிருந்தார்கள். முப்பத்தொன்பது வருட வேலையில் என் திருத்தம் ஒன்றை நிராகரித்தது இதுவே முதல் தடவை.

ஆக, பொய் அச்சேறிவிட்டது. நான் ஏறவில்லை. உங்களுக்கு ஒன்றும் கொண்டுவந்து சேர்க்க முடியவில்லை. சிவப்பு மையில் நான் திருத்திய தாளை இதோடு வைத்திருக்கிறேன். எனக்கு இதை வைத்துக்கொள்ள இடம் தெரியவில்லை.

இன்சோப்


குன்சான்
ஆகஸ்ட் 8

மேலூர்க்காரரே,

அவன் உங்களை அப்படித்தான் கூப்பிடுவான். நானும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

புத்தகம் எப்படியோ போகட்டும். நூலகத்தில் யார் போய் எடுக்கிறார்கள்? சிவப்பு மைத் தாளில் உங்கள் திருத்தத்துக்குக் கீழே என் முத்திரையை வைத்துவிட்டேன். போன புதன்கிழமை அண்ணனின் திதி. சோறும் பொரித்த மீனும் அரிசிக் கள்ளும் வைத்து, கும்பிட்டு முடித்ததும், அந்தத் தாளை அவனுக்குச் சத்தமாக வாசித்தேன். வழக்கப்படி அவன் பெயர் எழுதி வைத்திருந்த தாளை எரிக்கும்போது இதை எரிக்கவில்லை. அலமாரியில் இருக்கிறது.

வாசித்த பிறகு உங்கள் கடிதங்களை முதலிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் கடிதத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். நல்ல காலை வேண்டுமென்றே நீட்டினான் என்று எழுதியிருந்தீர்கள்.

கடையில் அவன் நாற்பது வருடம் நீட்டி உட்கார்ந்ததும் அந்தக் கால்தான். நொண்டிக் கால் என்று நான் உங்களுக்கு எழுதினேன். அது தப்பு. நொண்டிக் கால் இடது, அது மடிந்தே இறுகிப்போனது, அதை நீட்டவே முடியாது. வாசல்பக்கம் நீட்டியது வலது கால். நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் மடக்கி வைத்திருக்கலாம். "கால மடக்கு, ஆளுங்க விழுறாங்க" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். "இருக்கட்டும் மல்சூன். வர்றவனுக்கு எட்டணும்ல" என்பான். ஏதோ உளறுகிறான் என்று சூப்பைக் கிளறப் போய்விடுவேன். ஆட்டத்தின் முதல் சட்டத்தை உங்களுக்கே பாடம் எடுத்த எனக்கு, என் கடைக்குள் அது கண்ணில் படவில்லை.

உங்களை அவமானப்படுத்த அவன் காலை நீட்டவில்லை. நீங்கள் முலாம்பழத்தோடு வந்து நின்றபோது, அவனிடம் மிச்சமிருந்த காலை உங்களுக்கு எட்டும்படி வைத்தான். ஆட்டம் முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை என்றுதானே நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போன பிறகும் அவன் அதை எடுக்கவில்லை.

நேற்று கடை சாத்திவிட்டு, அவன் இடத்தில் உட்கார்ந்து வாசல்பக்கம் காலை நீட்டிப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் மரத்துப்போய்விட்டது. மடக்கிக்கொண்டேன்.

எனக்கு இனி எழுத ஒன்றும் இல்லை. சியோலிலிருந்து குன்சானுக்குக் காலையில் ஒரு பஸ் இருக்கிறது, இறங்கித் துறைமுகத்துக்கு நடக்கிற தூரம்தான். திங்கட்கிழமை கடை லீவு, மற்ற நாளில் வாருங்கள்.

மல்சூன்